கம்பளிக்குள் வாசித்த காதல் கதைகள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து நாவலைப் பிடித்துக்கொள்வேன். முண்டியம்பாக்கம் தாண்டும்போது தளபதியின் மகன் கோட்டை மதிலில் ஏறிக்கொண்டிருப்பான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது இளவரசி நந்தவனத்தில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். கூட்டேரிப்பட்டில் யாராவது ஏறி என் தோளைத் தட்டி, "கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா" என்பார்கள். தள்ளி உட்காருவேன். ஆனால் பஸ் சீட்டில் இல்லை, நந்தவனத்துக் கல் மேடையில்தான் தள்ளி உட்காருவேன்.

நான் படிப்பதெல்லாம் ஒரே ரகம். சரித்திரக் காதல் கதைகள். அதிலும் சின்ன வயதிலிருந்து நண்பர்களாக இருந்து பிற்பாடு காதலர்களாகிற கதைகள் மட்டும். முன்பின் தெரியாத ஒருத்தன் யானை மேல் வந்தான், இவள் உப்பரிகையிலிருந்து பார்த்தாள், உடனே உயிர் அவனோடு போய்விட்டது என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பானா என்றாவது விசாரித்தாளா? அந்தக் கதையை அங்கேயே மூடிவிடுவேன். சேர்ந்து மாங்காய் திருடி, சேர்ந்து மரக்கத்தி சுழற்றி, சண்டை போட்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்து, மறுபடி பேசி, அப்புறம் ஒரு நாள் அவன் கை தற்செயலாகப் பட்டதும் இவளுக்கு என்னவோ ஆகிறதே, அந்த ஒரு இடத்துக்காகத்தான் மொத்த நாவலையும் படிப்பேன். அந்த இடம் வரும்போது மூச்சு விடக்கூட மறந்துவிடும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டதும் உண்டு.

இந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அலுவலகம் விட்டு வந்து, போனிலேயே தட்டி வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போடுவார்கள். இளவரசி மிளகாய் கிள்ளிப் போட்டு ரசம் வைத்தால், அந்தக் காலத்தில் மிளகாய் ஏது என்று யாராவது கமெண்டில் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அதிலெல்லாம் குறையே இல்லை. எந்த ராஜாவின் கோட்டையைப் படித்தாலும் அது எனக்கு அனந்தபுரத்து அத்தை வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் பாறைக் குன்றின் மேல்தான் எழும்பும். பாறை மேல் பாறையாக அடுக்கி வைத்த அந்தக் குன்றில் ஒரு கோட்டையும் கிடையாது. நான் நிறைய கட்டி வைத்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை, வரவேற்பு மேஜையில். காலையில் திறந்து மதியம் மூடி, சாயங்காலம் மறுபடி திறப்பார்கள். நடுவில் வரும் மதியத்தை என்ன செய்வது என்பதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பெரிய பிரச்சினை. வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தால் மருந்து வாசனையில் தலை வலிக்கும். அப்படித்தான் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் நண்பனின் அறைக்குப் போக ஆரம்பித்தேன்.

நண்பன் என்றால் மறைக்கல்வி வகுப்பு நண்பன். விழுப்புரத்தில் எங்கள் கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து ஜெபம் சொல்லித் தருவார்கள். அவன் எனக்குப் பக்கத்தில் உட்காருவான். விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்கும்போது அவனுக்கு எப்போதும் பாதியில் மறந்துவிடும். கண் இரண்டும் பெரிதாகி, வாய் திறந்தபடி அப்படியே நிற்பான். நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் ஒரே காலேஜ், ஒரே பஸ். அவன் குடும்பம் திண்டிவனத்துக்கு மாறிப் போனபோதும் நான் பெரிதாக வருத்தப்படவில்லை, ஒரு பஸ் தூரம்தானே. அங்கே ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடியில் அறை எடுத்து, கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒரு மதியம் என் சாம்பார் சாதத்தில் பாதியைத் தின்றபடி, நான் அன்றைக்கு பஸ்ஸில் படித்த அத்தியாயத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத நீ வாயாலயே படிச்சிப் போடலாமே. ஜனங்க கேட்டுக்கினே சமைப்பாங்க" என்றான்.

"போடா, என் குரல யாரு கேப்பாங்க?"

"நான் கேட்டுக்கினு இல்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் போனபோது தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த பக்கத்து அறை காலியாக இருந்தது. சத்தம் புகாமலிருக்க உள்சுவர் நான்கிலும் பழைய கம்பளிகளை ஆணியடித்து மாட்டியிருந்தான். கதவின் மேல்பாதியை அறுத்து அந்தப் பக்கம் தெரிகிற கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருந்தான். அவன் வீட்டுப் பழைய மெத்தை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. எனக்குப் பிடித்த கதைகளை எழுதும் அக்கா ஒருவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டோம். தாராளமாக வாசிங்கம்மா என்று பதில் வந்தது.

முதல் நாள் முதல் அத்தியாயத்தை மறக்க முடியாது. கூட்டத்துக்கு முன்னால் சத்தம் போட்டு வாசிக்க நான் பழகிய ஒரே இடம் கோவில்தான். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து பூசையில் வாசகம் வாசிக்கிறேன். அந்தப் பழக்கத்தில், தளபதி மகன் இளவரசியின் கூந்தலில் சிக்கிய முள்ளை எடுத்துவிடுகிற காட்சியை ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வாசகம் மாதிரி கம்பீரமாக வாசித்துக்கொண்டே போனேன். கடைசி வரியை முடித்து, ஒரு நொடி நிறுத்தி, தலையை நிமிர்த்தி, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லிவிட்டேன். வாசகம் முடிந்ததும் வாசித்தவர் சொல்ல வேண்டியது அது. சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்தவன், ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், கோவிலில் எல்லோரும் சொல்கிற பதிலைச் சொன்னான். "இறைவா உமக்கு நன்றி."

சொன்ன பிறகு அவனுக்கும் உறைத்தது. கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் அவன் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எந்த அத்தியாயம் முடிந்தாலும் நான் அதைச் சொல்வேன், அவன் பதில் சொல்வான், இரண்டு பேரும் சிரிப்போம், அவன் அந்தத் துண்டை வெட்டி எறிவான்.

கம்பளிக்குள் வாசிப்பது பஸ்ஸில் படிப்பது போல் இல்லை. ஃபேன் போடக் கூடாது, அதன் சத்தம் மைக்கில் விழும். சித்திரை வருவதற்கு முன்பே திண்டிவனத்து வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாலு சுவரும் கம்பளி, நடுவில் நான், வாய்க்கு நேராக மைக், முகத்துக்கு முன்னால் ஸ்டாண்டில் போன். வேர்த்து ஊற்றும். ஆனால் கொஞ்ச நேரத்தில் வேர்வையும் மறந்துபோகும், என்னையும் மறந்துபோவேன். இளவரசி ஆற்றில் இறங்கினால் என் கணுக்காலில் தண்ணீர் ஏறும். என் குரல் காதுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, அது என்னுடையதுதானா என்று சந்தேகம் வரும். எத்தனையோ காலத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவன் வேலை என் மூச்சை வெட்டுவது. வரிக்கு வரி நான் இழுக்கும் மூச்சுச் சத்தத்தை ஸ்க்ரீனில் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பான். அதிலேயே இருந்து இருந்து, என் மூச்சு அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சளி பிடிக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும் முன்பே அவன் சொல்லிவிடுவான்.

"இந்த வரிய நீ நம்பல" என்று ஒரு நாள் நடுவில் நிறுத்தினான்.

"எப்படிச் சொல்றே?"

"நம்பாத வரி வந்தா மின்னாடியே குட்டியா ஒரு மூச்சு இழுக்கறே. பொய் சொல்றதுக்கு மின்னாடி சின்ன புள்ளையில இழுப்பியே, அதே மூச்சு."

எனக்கு சுருக்கென்றது. ஆனாலும் அந்த வரியை மறுபடி வாசித்தேன்.

ரயில்களைச் சொல்லாமல் விட முடியாது. தண்டவாளம் பக்கத்திலேயே இருப்பதால் ரயில் போகும்போது அறை முழுக்க அதிரும். தூரத்தில் ஹார்ன் கேட்டதுமே அவன் கையைத் தூக்குவான். நான் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். ரயில் போய் முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருப்போம். அவன் கை அந்தரத்தில் நிற்கும். நான் கம்பளி இருட்டுக்குள், பாதி வாக்கியத்தில், இளவரசியின் கையைப் பிடிக்கப் போன தளபதி மகனைப் பிடிக்கவிடாமல் நிறுத்தி வைத்திருப்பேன். ரயில் போனதும் அவன் கையை இறக்கி, "ஒன் மோர் போலாம்" என்பான். மொத்த நாளிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். அது ஏன் என்று அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

நாவல்களில் ஒரு கட்டம் தவறாமல் வரும். நண்பன் போரிலிருந்து தோளில் வெட்டுக்காயத்தோடு வருவான். இவள் பச்சிலை அரைத்துக் கட்டுவாள். அவன் முனகுவான். அந்த முனகலில் இவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். என் நண்பன் ஒரு காலையில் பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னம் வீங்கி வந்து நின்றான். கடைவாய்ப் பல். ஒரு பக்க முகம் பூரி மாதிரி உப்பி, கண் சுருங்கி, பேச வாய் வராமல், என்னைப் பார்த்துக் கையால் கன்னத்தைக் காட்டினான். ஊசி என்றால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். டாக்டர் நாற்காலியில் சாய்த்ததும் என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டான். நான் வெளியே போய் போனை எடுக்க வேண்டும், வரிசையில் ஆள் நிற்கிறது. போகவில்லை. மரத்துப்போன வாயோடு, எச்சில் ஒழுக, முழங்கைவரை என் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக் கிடந்தவனைப் பார்த்தபடி நின்றேன். இவனை விட்டு எங்கேயும் போக எனக்கு இஷ்டமில்லை என்று அப்போது தெரிந்தது. நான் அவனைக் காதலிக்கிறேன். நிலாவும் இல்லை, நந்தவனமும் இல்லை, தலைக்கு மேலே பல் பார்க்கிற விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாவலில் எழுதுகிற அக்கா பார்த்துக்கொள்வார், நண்பன் மறுத்துவிடுவானோ என்ற பயமே இளவரசிக்குக் கிடையாது. எனக்கு இருந்தது. அவன் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று சொன்ன பிறகும் சிரித்துப் பேசினால், அந்தக் கம்பளி அறைக்குள் நான் எப்படிப் போய் உட்காருவேன்? ஒரு காதலுக்கு ஆசைப்பட்டு இருக்கிற நண்பனையும் தொலைத்துவிடுவேன். வாயை மூடிக்கொண்டு மற்றவர்களின் காதலை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டாச்சிபுரத்துப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்பெனி வேலை. வந்து பார்த்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை நல்லவர்தான், அதுதான் பேஜாரே. குறை சொல்ல ஒரு கோணல் பல்கூட அவருக்கு இல்லை. அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் எங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு மதியம் வந்து பதில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சரி என்று சொன்னால் ஈஸ்டர் கழிந்த ஞாயிறே முதல் ஓலை. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அதை எல்லோருக்கும் அறிவித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். மூன்றாவது ஓலை முடிந்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

"தவக்காலத்துல கூட காதல் கதையா படிச்சிக்கினு இருப்பே?" என்றார் அம்மா, கோவிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கிளம்பிக்கொண்டே.

"கறியத்தான் விட்டாச்சே. இதையும் வுடச் சொல்றியா?"

"நீ எத வேணா படி. குருத்து ஞாயிறன்னைக்கி அவங்க வரப்ப வாயில ஒரு பதிலு இருக்கணும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. இழுத்துக்கினே போவாத, அவங்களுக்கும் மனசு இருக்குது."

அம்மா சொன்னது நியாயம்தான். அடுத்த நாள் மதியம் அவனிடம் வரனைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாவலாக இருந்தால் இந்த இடத்தில் கையிலிருக்கும் வாள் நழுவிக் கீழே விழும், முகம் இருண்டுபோகும், அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் மழையில் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். இவன் என் டப்பாவிலிருந்த கடைசி அப்பளத்தை எடுத்துக் கடித்தான்.

"பையன் இன்னா பண்றாரு?"

சொன்னேன்.

"நல்ல எடமாத்தான் தெரியுது" என்றான். டப்பாவைக் கொண்டுபோய்க் கழுவி, துடைத்து, மூடி என் பையில் வைத்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

"ஓல வாசிக்கறப்ப நீ எழுந்து தட இருக்குதுன்னு சொல்லேன், தமாஷா இருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "இன்னா தடன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தான்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாய் வரைக்கும் வந்தது. நான்தான் குட்டியாக ஒரு மூச்சு இழுத்து, "பொண்ணுக்குப் பல்லு சரியில்லன்னு சொல்லு" என்றேன். அவன் சும்மா தலையாட்டிவிட்டு ஸ்க்ரீன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரம் அவன் நெட்டில் ஏற்றிய அத்தியாயத்தைத் திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். என் மூச்சு ஒன்றுகூட வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. வரிக்கு வரி நான் மூச்சு இழுப்பது காதருகே கேட்டது. ஒரு அம்மா கமெண்டில், பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, இப்படி மூச்சு வாங்குகிறதே என்று கேட்டிருந்தார். மறுநாள் அவனிடம் கேட்டேன்.

"மறந்துட்டேன்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் மறந்தது விசுவாசப் பிரமாணம் ஒன்றைத்தான். அதை நினைத்துக்கொண்டே அடுத்த நாள் காலை பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வயலில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைச் செடிகள் வெயிலில் அசையாமல் நின்றன. மயிலத்துக் குன்று தள்ளித் தெரிந்தது. அதன் பக்கமிருந்து ஒரு குதிரைக்காரனைக் கிளப்பிப் பார்த்தேன். பாதி தூரம் வந்ததும் அவனுக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த நாவலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயம். பக்கத்து நாட்டு இளவரசனுக்கு நிச்சயமாகிவிட்ட இளவரசி, தளபதி மகனிடம் தன் மனசைச் சொல்லும் இடம். எழுதும் அக்காவுக்கு என் வீட்டு விஷயம் எப்படித் தெரிந்தது என்று நான் சண்டைக்குப் போயிருக்கலாம். காலையில் பஸ்ஸில் வரும்போதே ஒன்று தீர்மானித்திருந்தேன். நாலு மணிக்கு முன்னால் நிற்காமல் போகிற ரயில் ஒன்று உண்டு, மற்ற எல்லாவற்றையும்விட சத்தம் அதிகம். அது போகும்போது சொல்லிவிடுவது. கேட்டால் கேட்கட்டும். கேட்காவிட்டால் நான் எதுவும் சொல்லவில்லை. நண்பனும் இருப்பான், நானும் சொன்னவள் ஆவேன். இதைவிடக் கோழைத்தனமான ஒரு திட்டத்தை எந்த இளவரசியும் போட்டிருக்க மாட்டாள். எனக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

"சிறு பிராயம் முதல் உன் நிழலில் நடந்தேன். இன்று என் நிழலும் உன் பெயரையே சொல்கிறது" என்று வாசித்தேன்.

"பொய்யா இருக்குது. ஒன் மோர்."

மறுபடி வாசித்தேன். மறுபடி நிறுத்தினான். அதற்கப்புறமும் நிறுத்தினான். கம்பளிக்குள் எனக்குத் தலை சுற்றியது.

"அந்த அக்கா எழுதினத நான் இன்னா பண்ணட்டும்? என் நிழலு யார் பேரையும் சொல்லாது" என்று கத்தினேன்.

"நீ யாரோ மாதிரி சொல்றே. உன்ன மாதிரி சொல்லு" என்றான், குரலை உயர்த்தாமல்.

தூரத்தில் ஹார்ன் கேட்டது. அவன் கை மேலே போனது. நான் நிறுத்த வேண்டிய நேரம். சுவரில் கம்பளிகள் நடுங்க ஆரம்பித்தன, ஸ்டாண்டில் போன் ஆடியது. ரயில் எங்கள் தலைக்குள்ளேயே புகுந்து ஓடுவது போல் சத்தம் வந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு கண்டாச்சிபுரத்து மாப்ள வேணாம். உன்னத்தான் புடிச்சிருக்குது. ரொம்ப நாளா."

எனக்கே என் குரல் கேட்கவில்லை. ரயில் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போய், அதிர்வு அடங்கி, கண்ணைத் திறந்தேன். அவன் கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. கண் ஸ்க்ரீனில் இருந்தது. மெதுவாகக் கையை இறக்கினான்.

"ரயிலு சத்தம்" என்றான். "ஒன் மோர் போலாம்."

அப்பாடா என்று இருந்தது. அதே நேரத்தில் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. கேட்கவில்லை. தப்பித்தேன். நாளைக்கு அவர்கள் வருவார்கள், நான் தலையாட்டுவேன், ஈஸ்டர் கழிந்ததும் ஓலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து போய்த் தன் அறையின் ஃபேனையும் நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். போனை அணைத்து மேஜையில் வைத்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு அமைதியாக அந்த மாடி இருந்து நான் கேட்டதில்லை. என் எதிரில் ஸ்டாண்டில் இளவரசியின் வரி ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை வாசித்தால் போதும். எதுவும் நடக்காதது போல் வாசித்து முடித்து, சாயங்காலம் ஆஸ்பத்திரியைத் திறக்கப் போய்விடலாம்.

போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"எனக்கு கண்டாச்சிபுரத்து மாப்ள வேணாம்" என்றேன். நான் நிறுத்தவில்லை. "எனக்கு நீதான் வேணும். கன்னம் வீங்கிக்கினு வந்தியே, அன்னைக்கே தெரியும். சொல்லாம இருந்தேன். நீ வேணான்னு சொல்லிட்டா நான் மத்தியானத்துல எங்க போவேன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்குது. நாளைக்கு அவங்க வர்றாங்க. அதுக்கு மின்னாடி நீ ஒரு பதிலு சொல்லணும்."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். வேலை நடுவில் அவன் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. எழுந்து வந்து கதவைத் திறந்தான். வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் கண் கூசியது. நான் தலை முதல் கால் வரை வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தேன்.

"மொத தடவையே கேட்டுச்சி" என்றான்.

"அப்புறம் எதுக்குடா ஒன் மோர்?"

"ரயிலு சத்தமில்லாம ஒரு தடவ கேக்கணும்னு இருந்திச்சி."

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன் என்று நினைக்கிறேன், முதுகுக்கு வைத்திருந்த தலையணை போய் அவன் மேல் விழுந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். ஏதோ சொல்ல வந்தான், வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தான். கண் இரண்டும் பெரிதாகி, வாய் திறந்தபடி நின்ற அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் மறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கிற முகம்.

நான் எடுத்துக் கொடுத்தேன். "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன், பாதி அழுகையில்.

அவன் தலையணையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றான். "இறைவா உமக்கு நன்றி" என்றான். அது நாங்கள் எப்போதும் சிரிக்கிற இடம், அன்றைக்கு ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.